இன்னிக்கு மூடு இல்லை

போன இதழில் மூட்டுத் தேய்மானத்துக்கான பயிற்சிகளை எழுதியிருந்தேன். பயிற்சியில் சந்தேகம் கேட்டு வந்த கடிதங்கள் கொஞ்சம்தான். “செய்ய வேண்டும் என்று தெரிகிறது, மனசுதான் வரமாட்டேன் என்கிறது” என்று வந்தவையே அதிகம். அதனால் இந்த முறை முழங்காலுக்கு விடுமுறை. நான் மனநல மருத்துவர் இல்லை, இயன்முறை மருத்துவர். ஆனால் வலிக்கிற உடம்பைத் தினமும் அசைக்கச் சொல்லி மனிதர்களோடு மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு. அந்த உரிமையில் பேசுகிறேன்.

இரவு படுக்கும்போது “நாளைக் காலை ஐந்தரைக்கு எழுந்து நடக்கப் போகிறேன்” என்று உறுதியாக முடிவு செய்கிறேன். அலாரம் அடிக்கும்போது அந்த உறுதி போன இடம் தெரிவதில்லை. இரவில் இருந்தவள் வேறு, காலையில் இருப்பவள் வேறு என்றே தோன்றுகிறது. இருவரில் யார் பேச்சைக் கேட்பது?
– வேலைக்குப் போகும் வாசகி

இரவில் பேசியவள் பேச்சைத்தான். காலையில் பேசுகிறவள் இன்னும் முழுதாக விழிக்கவே இல்லை.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. கண் திறந்த அதே நொடியில் மூளை மொத்தமும் விழித்துக்கொள்வதில்லை. யோசித்து முடிவெடுக்கிற பகுதி சற்றுத் தாமதமாகத்தான் பணிக்கு வரும். இந்த மந்தம் பெரும்பாலும் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் விலகிவிடும். தூக்கம் போதாதவர்களுக்கு ஒரு மணி நேரம்கூட இழுக்கும். அந்த நேரத்தில் “இன்று வேண்டாம்” என்று தோன்றுவதை உங்கள் கருத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது தூக்கத்தின் மிச்சம்.

இன்னொன்றும் உண்டு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடற்பயிற்சி தொடங்கும் முன் “இது உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்?” என்று கேட்டார்கள். முடித்த பிறகு “எவ்வளவு பிடித்தது?” என்று கேட்டார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வின்படி, எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே பிடித்திருந்தது. காரணம், பயிற்சியின் கசப்பெல்லாம் தொடக்கத்தில்தான் இருக்கிறது, மனசு அந்தத் தொடக்கத்தை மட்டும் வைத்து மொத்தத்தையும் எடை போட்டுவிடுகிறது. டைட்டில் ஓடும்போதே தியேட்டரை விட்டு எழுந்து வந்து, படம் சரியில்லை என்கிற ஆளைப் போல.

ஆகவே காலையில் மனசோடு பேச்சுவார்த்தையே வேண்டாம். அலாரத்தை அறையின் மறுகோடியில் வையுங்கள். ஷூவையும் சாக்ஸையும் இரவே எடுத்து வையுங்கள். போவதா வேண்டாமா என்ற முடிவை ஷூ போட்டு வாசலுக்கு வந்த பிறகு எடுங்கள். அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் திரும்பிப் போய்ப் படுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நாடா கட்டி முடித்தவர்கள் அதை அவிழ்த்துவிட்டுப் படுக்கப் போவது அபூர்வம்.

ஒரு நிபந்தனை. இரவு பன்னிரண்டரைக்குப் படுத்துவிட்டு ஐந்தரைக்கு எழத் திட்டம் போட்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். நீங்கள் உறுதி எடுக்க வேண்டியது எழுகிற நேரத்தைப் பற்றி அல்ல, போனைக் கீழே வைக்கிற நேரத்தைப் பற்றி.

எந்தப் பழக்கமும் 21 நாள் செய்தால் தானாக வந்துவிடும் என்கிறார்கள். நான் அதைத் தாண்டியும் ஒவ்வொரு நாளும் போராடித்தான் செய்கிறேன். என்னிடம் ஏதாவது கோளாறா?
– கல்லூரி மாணவர்

கோளாறு அந்த எண்ணில்தான், தம்பி.

மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். முகத்தை மாற்றும் அறுவைக்குப் பிறகு, நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆவதைக் கவனித்து, 1960இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். அந்தக் “குறைந்தது” எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டது. புது மூக்குக்குப் பழகுவதும் தினமும் படிக்க உட்காருவதும் ஒன்று என்று யாரோ முடிவு கட்டிவிட்டார்கள்.

முறையாகப் பார்த்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவரோடு இருந்தவர்களும். 96 பேர் ஆளுக்கொரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து 12 வாரம் செய்தார்கள். யோசிக்காமலே செய்கிற நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் வித்தியாசம்: மிகக் குறைவு 18 நாள், மிக அதிகம் 254 நாள். (ஆய்வே 12 வாரம்தான் என்பதால் அந்த 254 கணித்துச் சொன்னது.) ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி படிய நாளாயிற்று.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. ஒரு நாள் தவறினால் “போச்சு, திரும்ப ஒன்றிலிருந்து” என்று காலண்டரைக் கிழிக்கிறவர்கள் இதைக் கவனிக்கட்டும். தவறிய நாள் கெடுப்பதைவிட, தவறிவிட்டதே என்ற கோபத்தில் விடுகிற அடுத்த பத்து நாள்தான் அதிகம் கெடுக்கிறது.

உறைந்த தோள்பட்டைக்கு, சுவரில் விரலால் ஏறும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். உற்சாகம் வந்தால் ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் செய்கிறேன். வராவிட்டால் இரண்டு மூன்று நாள் தொடுவதில்லை. வாரக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் சரியாகத்தானே வருகிறது?
– ஓய்வுபெற்ற வாசகர்

ஐயா, உங்கள் கூட்டல் சரி. தோளுக்குத்தான் கூட்டத் தெரியாது.

உறைந்த தோள்பட்டையில் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்து இறுகிப்போகிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இளக்க முடியும். முக்கால் மணி நேரம் முரட்டுத்தனமாக இழுத்தால் அது எரிச்சலாகி, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க விடாது. மறுநாள் கையைத் தூக்க பயம். இரண்டு நாள் சும்மா விட்டால் இறுக்கம் மறுபடி கூடும். உற்சாகமான நாள் செய்த வேலையை உற்சாகமில்லாத நாள் கலைக்கிறது என்று நினைக்கிறீர்கள். உண்மையில் இரண்டு நாளுமே சேர்ந்துதான் கலைக்கின்றன. இது முழுதும் சரியாக ஒரு வருடம் முதல் மூன்று வருடம்வரை ஆகலாம். அவ்வளவு தூரத்துக்கு எந்த உற்சாகமும் கூட வராது.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் சுவரில் பென்சிலால் கோடு போட்டுவந்தார். சுவரைப் பார்த்து நிற்பார், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மேலே நடக்கும், தோள் காதுப்பக்கம் தூக்கிக்கொள்ளாமல் எந்த இடம்வரை போகிறதோ அங்கே ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் தேதி. கோடுகள் ஒரே சீராக ஏறவில்லை. நேற்றைக்கு இரண்டு விரற்கடை கீழே, அதற்கு மறுநாள் அதே இடம், அப்புறம் திடீரென்று மேலே. இறங்கிய கோடுகளை அழித்துவிடச் சொல்லி வீட்டில் கேட்டார்களாம். “அது நான் வந்துநின்ற நாள், அதை ஏன் அழிக்கணும்?” என்றாராம். எனக்கு வாய்த்த நோயாளிகளில் நான் அதிகம் புத்தி சொல்ல வேண்டியிராத ஆள் அவர்.

நீங்களும் அப்படிச் செய்யுங்கள். தினம் இரண்டு வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம், உங்கள் இயன்முறை மருத்துவர் சொன்ன அளவுக்குள். இன்னும் செய்யலாம் போல இருக்கும்போதே நிறுத்துங்கள். நல்ல மூடில் அதிகம் செய்யாமல் இருப்பதும் ஒழுங்குதான். பலருக்கு அதுதான் கஷ்டம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மனசு வேண்டாம் என்பதும் உடம்பு வேண்டாம் என்பதும் வேறு வேறு. தொடங்கும் முன் உட்கார்ந்து யோசித்தால் இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே குரலில்தான் பேசும். மெதுவாகத் தொடங்கிப் பாருங்கள். சில நிமிடத்தில் கரைந்தால் அது மூடு. செய்யச் செய்யக் கூடினால் அது வலி, நிறுத்துங்கள். பயிற்சி முடிந்து சற்று நேரத்தில் அடங்குகிற வலி பரவாயில்லை. ராத்திரி முழுக்க இருந்தாலும், மறுநாள் காலை கூடியிருந்தாலும் அளவு அதிகம் என்று பொருள். பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாண்டுவதை வீரம் என்று நினைக்கிறவர்களால்தான் என் அறைக்குப் பாதிக் கூட்டம்.

நான் கவிதை எழுதுகிறவன். அட்டவணை போட்டு எழுத இது என்ன ஆபீஸ் வேலையா? உள்ளிருந்து உந்துதல் வந்தால்தானே எழுத முடியும்?
– ஒரு கவிஞர்

ஆபீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு அட்டவணை போட்டும் எழுதிய ஒருவரைச் சொல்கிறேன். ஆந்தனி ட்ரோலப், 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர், பிரிட்டிஷ் தபால் துறை அதிகாரி. காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். தன்னை எழுப்பிவிடுவதற்காக ஒரு வேலையாளுக்குத் தனியாகச் சம்பளம் கொடுத்தார். (நான் அலாரத்தைத் தூர வைக்கச் சொன்னேன், அவர் ஆளையே வைத்தார்.) முதல் அரை மணி முந்தைய நாள் எழுதியதைப் படிப்பது, அப்புறம் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல். எட்டரைக்குள் முடித்துவிட்டு ஆபீஸுக்குப் போவார். 47 நாவல்கள். நடுவில் பிரிட்டனுக்குத் தெருவோரத் தபால்பெட்டி வரவும் அவர் ஒரு காரணம். 1852இல் சேனல் தீவுகளில் அதை முயன்று பார்க்கச் சொன்னது அவர்தான். தான் எழுதிய முறையை அவர் ஒளிக்காமல் சொன்ன சுயசரிதை, இறந்த பிறகு 1883இல் வெளியானபோது இலக்கிய அன்பர்கள் பலர் முகம் சுளித்தார்கள். உங்களைப் போலத்தான், கலைக்குக் கடிகாரமா என்று.

கவிதைக்கும் நாவலுக்கும் வித்தியாசம் உண்டு, கால் மணிக்கு 250 சொல் கவிதை எழுதினால் படிக்கிற எங்கள் கதி என்ன ஆவது. ஆனால் கவிதை வரும்போது நீங்கள் இடத்தில் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. ரேமண்ட் சாண்ட்லர் என்ற துப்பறியும் கதை எழுத்தாளர் தனக்கு ஒரு விதி வைத்திருந்தார்: ஒதுக்கிய நேரத்தில் எழுதலாம், எழுதாமல் சும்மாவும் இருக்கலாம், வேறு எதுவும் செய்யக்கூடாது. அவர் தினம் நான்கு மணி நேரம் ஒதுக்கினார், நீங்கள் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். சும்மா இருப்பது எவ்வளவு அலுக்கும் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அந்த அலுப்பிலிருந்து தப்பிக்கவாவது கை பேனாவைத் தேடும்.

தனியாக இருக்கும் அம்மாவிடம் தினமும் இரவு போனில் பேசுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். பல நாள் அலுத்து வந்து, பேசவே பிடிக்காமல் பேசுகிறேன். “சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா” என்று வாய் கேட்கிறது, மனசு அங்கே இல்லை. இது நடிப்பு இல்லையா? ஆசையாக இருக்கும் நாளில் மட்டும் பேசினால் உண்மையாக இருக்குமே?
– வெளியூரில் வேலை பார்க்கும் மகள்

உங்கள் கடிதத்தைத்தான் மறுபடி மறுபடி படித்தேன்.

ஆசையாக இருக்கும் நாளில் மட்டும் பேசினால் உங்களுக்கு உண்மையாக இருக்கும். அம்மாவுக்கு? இன்று மணி அடிக்குமா அடிக்காதா என்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற வேலை அவர் தலையில் விழும். உங்கள் மனநிலையை முன்கூட்டி ஊகிக்கிற பொறுப்பை அவருக்குக் கொடுப்பது என்ன உண்மை?

தினமும் பேசுகிறேன் என்று சொன்னபோது அலுத்து வரும் நாள்களும் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னீர்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறவரும் நீங்கள்தான், அலுத்திருப்பவரும் நீங்கள்தான். இதில் ஒருவரை மட்டும் “உண்மையான நான்” என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்? அசதி இன்று இரவோடு போய்விடும். அம்மாமேல் இருக்கும் பிரியம் போகாது. எது அதிக காலம் நிற்கிறதோ அதை உண்மைக் கணக்கில் எழுதுங்கள்.

நடிப்பு எங்கே வரும் என்றால், அலுப்பை மறைத்துக் கலகலவென்று பேச முயலும்போது வரும். அது வேண்டாம். “அம்மா, இன்னிக்கு ரொம்ப அசதியா இருக்கு. உன் குரலைக் கேட்டுட்டுப் படுக்கலாம்னு போட்டேன். நாளைக்கு நிறையப் பேசலாம்.” ஒரு நிமிடம் ஆகாது, அன்றைய பேச்சு முடிந்தது. வாக்குக் கொடுத்தது தினமும் பேசுவதாகத்தான், தினமும் அரை மணி நேரம் பேசுவதாக அல்ல. கெட்ட நாளுக்கென்று இப்படி ஒரு சின்ன அளவைக் கையில் வைத்துக்கொள்ளாததால்தான் நல்ல மனதோடு கொடுத்த வாக்குகள் பலவும் பாரமாகின்றன.

அப்புறம், கேள்வியைக் கொஞ்சம் மாற்றலாம். மாத்திரை, சாப்பாடு என்றால் அதற்குப் பதில் “ஆச்சு”தான். “இன்னிக்கு யார் வந்தாங்க, யாரோட சண்டை?” என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் அசதியையும் மறந்து நீங்கள் கதை கேட்பீர்கள்.

காலையில் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. மாலை ஆனால் மனவுறுதியின் டேங்க் காலியாகிவிடுகிறது. எப்படி நிரப்புவது?
– மென்பொருள் பணியாளர்

டேங்க் இருக்கிறதா என்பதே இப்போது கேள்விக்குறி. மனவுறுதி செலவாகிற சரக்கு என்ற கருத்து 1998இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழுவின் சோதனையால் பிரபலமானது. பிஸ்கட்டைத் தொடாமல் அடக்கிக்கொண்டு முள்ளங்கி தின்றவர்கள், அதன்பின் கொடுத்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, 2,000 பேருக்கு மேல் வைத்து, வேறொரு பணியைக் கொடுத்துச் சோதித்தபோது அந்த விளைவு கிட்டத்தட்ட இல்லை.

மாலையில் களைப்பு நிஜம், அதை நான் மறுக்கவில்லை. களைத்த நேரத்துக்குப் போய் முடிவுகளை மிச்சம் வைக்காதீர்கள். “மாலையில் படிப்பேன்” என்பது ஆசை. “ஏழு மணிக்குக் கைகால் கழுவியதும், ஜன்னலோர மேசையில், குறித்துவைத்த பக்கத்தைத் திறப்பேன்” என்பது ஏற்பாடு. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்பே கட்டிவைக்கும் இந்த முறையைப் பல ஆண்டு ஆராய்ந்தவர் ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், வெறும் எண்ணத்தைவிட இதற்குப் பலன் தெளிவாகவே அதிகம். போனை வேறு அறையில் வையுங்கள். பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடாமல் இருப்பது வீண் பந்தயம்.

சில மாதங்களாக எதிலும் மனம் ஒட்டவில்லை. பிடித்ததும் பிடிக்கவில்லை. விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறது. “எல்லாம் சோம்பேறித்தனம், ஒழுங்கு இல்லை” என்கிறார்கள் வீட்டில். அப்படித்தானா?
– பெயர் வேண்டாம் என்றவர்

இல்லை. மற்றவர்களுக்கு மேலே நான் சொன்ன எதையும் நீங்கள் உங்கள் மேல் சவுக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வந்துபோகிறதுதான் மூடு. இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் கனத்து, பிடித்ததெல்லாம் சுவையற்றுப் போய், தூக்கமும் பசியும் மாறியிருந்தால் அதை மனச்சோர்வு நோயா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவு, ரத்தசோகை போன்றவையும் இப்படி ஆளை முடக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இந்த வாரமே போங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லி, அவரோடு அருகிலிருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள்.

மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் ஒன்று, மனசு வரட்டும் என்று காத்திராமல் மிகச் சிறிய செயல்களிலிருந்து ஆரம்பிக்கிறது. குளிப்பது, பத்து நிமிடம் வெயிலில் நிற்பது, ஒருவரிடம் பேசுவது என்று படிப்படியாக. ஆனால் அது சிகிச்சையாளர் துணையோடு, உங்கள் நிலை பார்த்து அளந்து கொடுப்பது. “எழுந்து வேலையைப் பார்” என்று அதட்டுவது அல்ல. வீட்டில் இருப்பவர்கள் உதவ நினைத்தால் மருத்துவரிடம் கூட வரட்டும்.

என் கணவருக்கு எல்லாம் நேரப்படி நடக்க வேண்டும். அவர் நாலரைக்கு எழுவது அவர் இஷ்டம். ஆனால் நாங்களும் எழ வேண்டும். எனக்குத் தலைவலி என்றாலும் பிள்ளைக்கு அழுகை என்றாலும் “மூடுக்கெல்லாம் இடம் கொடுக்காதே” என்கிறார். நீங்கள் அவர் கட்சியா?
– ஒரு குடும்பத் தலைவி

இல்லவே இல்லை, அம்மா.

ஒழுங்கு என்பது தனக்குத் தானே போட்டுக்கொள்வது. அடுத்தவர் மேல் போட்டால் அதற்குப் பெயர் அதிகாரம். அவருடைய மூடை அவர் ஓரமாக வைப்பது பாராட்டத்தக்கது. உங்கள் மூடையும் அவரே எடுத்து ஓரமாக வைப்பது நியாயமில்லை. தலைவலி மூடு அல்ல. குழந்தை அழுகிறது என்றால் ஏதோ சொல்ல வருகிறது, அது என்ன என்று கேட்பதுதான் அந்த நேரத்தின் வேலை. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். அட்டவணை ஐந்து நிமிடம் தவறினால் நாள் முழுக்கச் சிடுசிடுக்கிற ஆள் மூடை ஜெயித்தவர் அல்ல. அவருடைய மூடு இப்போது கடிகாரத்தின் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் எழும் நேரத்தை விட்டுவிடுங்கள், அதில் சண்டை போட்டுப் பயனில்லை. நீங்களும் பிள்ளையும் எப்போது எழுவது என்பதை ஒரு ஞாயிறு மத்தியானம், யாருக்கும் கோபமில்லாத வேளையில் பேசி முடிவு செய்யுங்கள். முடிவு செய்ததை அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவைத்த எதையும் மீறாத ஆள் போலத் தெரிகிறது, அந்தக் குணத்தை நாமும் பயன்படுத்திக்கொள்வோம்.

இந்தப் பக்கத்தை மட்டும் அவரிடம் காட்டிவிடாதீர்கள். முதல் பதிலை அடிக்கோடிட்டுச் சுவரில் ஒட்டிவிடுவார்.